பல கை பட்ட தாள்கள்

ஓர் இளைஞன் தெருவைக் கடக்கிறான். கார் ஒன்று அவன்மேல் மோத வருகிறது. துள்ளி எழுந்தவன் பக்கத்துக் கட்டடச் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்கிறான். பீட்டர் பார்க்கர் தனக்குள் ஒரு சிலந்தி புகுந்துவிட்டதை முதன்முதலாக உணரும் இடம் அது. 1962இல் 12 சென்ட் கொடுத்து 'அமேசிங் ஃபேன்டஸி' 15ஆம் இதழை வாங்கிய எல்லோரும் அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். அவர்கள் யாரும் பார்க்காத ஒன்று அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருக்கிறது. அது ஒரு பென்சில் குறிப்பு. காருக்குக் கூரை இருக்கட்டும், கை வெளியே தொங்க வேண்டாம், கண்மண் தெரியாமல் ஓட்டுவதுபோல் தோன்றக் கூடாது என்று ஆசிரியர் ஸ்டான் லீ, ஓவியர் ஸ்டீவ் டிட்கோவுக்கு எழுதிய குறிப்பு.

அந்தக் குறிப்பு அழியாமல் இருக்கும் தாள் இன்று வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கிறது. கூடவே இன்னும் 23 தாள்கள். அந்த இதழுக்குள் இருந்த நான்கு கதைகளும் முழுதாக அங்கே உள்ளன. ஸ்பைடர்மேன் 11 பக்கம், மணியடிப்பவர் ஒருவரைப் பற்றிய குட்டிக்கதை 3 பக்கம், மம்மிப் பெட்டிக் கதை 5, நம்மிடையே உலவும் செவ்வாய்க் கிரகவாசிகளின் கதை 5. எல்லாமே டிட்கோ கைப்பட வரைந்தவை. 2008இல் ஒருவர் இந்தக் கட்டை அப்படியே நூலகத்துக்குத் தானமாகக் கொடுத்தார். தன் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றார். நூலகமும் இன்றுவரை அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது புரிய ஓர் ஒப்பீடு போதும். அதே இதழின் அச்சுப் பிரதி ஒன்று 2021 செப்டம்பரில் 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது அச்சில் வந்த புத்தகம், அதற்கு அண்ணன் தம்பிகள் உண்டு. நூலகத்தில் இருக்கும் தாள்களுக்கு அப்படி யாரும் கிடையாது.

*

இந்தத் தாள்கள் பிறந்த இடம் நியூயார்க், மன்ஹாட்டனில் ஒரு ஸ்டுடியோ. எரிக் ஸ்டான்டன் என்ற இன்னோர் ஓவியரோடு டிட்கோ பகிர்ந்துகொண்ட அறை. டிட்கோவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. பென்சில்வேனியாவில் ஜான்ஸ்டவுன் என்ற உருக்காலை ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு ஆலையில் தச்சு வேலை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ராணுவத்தில் சேர்ந்து ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்தார். முன்னாள் படைவீரர்களுக்கு அரசு கொடுத்த படிப்புச் சலுகையைப் பயன்படுத்தி, பேட்மேன் ஓவியர் ஜெர்ரி ராபின்சனிடம் நியூயார்க்கில் பாடம் படித்தார். காசநோயில் விழுந்து எழுந்தார். பிறகு விஞ்ஞானப் புனைவு, பேய்க்கதை, வினோதக்கதை என்று வாங்கிய வேலையை எல்லாம் நேரத்துக்கு முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வேலை கொடுத்தது மார்ட்டின் குட்மேனின் பதிப்பகம். மார்வெல் என்ற பெயர் அப்போது இன்னும் அட்டைக்கு வரவில்லை. சிலந்தி மனிதன் என்ற யோசனையைக் கேட்டதும் குட்மேன் முகம் சுளித்ததாக லீ பிற்காலத்தில் சொல்லிவந்தார். சிலந்தியைக் கண்டாலே மக்களுக்கு அருவருப்பு, பதின்வயதுப் பையன் என்றால் நாயகனுக்குத் துணையாக வரலாம், நாயகனாகவே வர முடியுமா என்பது குட்மேனின் கணக்கு. ஆகவே அந்தக் கதை நிற்கப்போகிற ஒரு பத்திரிகையின் கடைசி இதழில் போடப்பட்டது. ஓடவில்லை என்றாலும் நஷ்டமில்லை, எப்படியும் மூடப்போகிற கடைதானே!

முதலில் அதை வரைய உட்கார்ந்தவர் ஜாக் கர்பி. ஐந்து பக்கம் வரைந்தார். கர்பியின் கைக்கு வீரம்தான் வரும். அவர் வரைந்த பையன் பார்த்தாலே நாயகனாக இருந்தான். லீக்கு வேண்டியது பள்ளிக்கூடத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளாத, கண்ணாடி போட்ட, தோள் ஒடுங்கிய ஒருவன். வேலை டிட்கோவிடம் வந்தது. அவர் செய்த பெரிய முடிவு முகமூடி. அதுவரை வந்த நாயகர்களில் பலருக்கு வாயும் தாடையுமாவது வெளியே தெரியும். டிட்கோ முகத்தை முழுக்க மூடினார். உள்ளே இருப்பது சின்னப் பையன் என்பது அப்போதுதான் வெளியே தெரியாது என்பது அவர் சொன்ன காரணம். அந்த ஆடைக்குள் எந்த நிறத்தவரும் எந்த ஊர்க்காரரும் இருக்கலாம் என்று பின்னாளில் வாசகர்கள் கண்டுகொண்டது கூடுதல் லாபம். அட்டைப்படத்துக்கும் டிட்கோ ஒன்று வரைந்தார், அது நிராகரிக்கப்பட்டது. கர்பி பென்சிலில் போட, டிட்கோ மையிட்டதுதான் அட்டையில் வந்தது.

*

தாளுக்கு அருகே போய்ப் பார்ப்போம். அச்சில் நாம் பார்க்கும் பக்கத்தைவிட அது மிகப் பெரியது. வரையும் பரப்பே சுமார் பன்னிரண்டரை அங்குல அகலம், பதினெட்டரை அங்குல உயரம். கெட்டியான பிரிஸ்டல் போர்டு. பெரிதாக வரைந்து, கேமராவில் சுருக்கிப் படம் எடுத்தால் கோடுகள் ஒடுங்கிக் கூர்மையாகும். கை நடுங்கிய இடம் தெரியாது. 1967 வாக்கில் செலவை மிச்சப்படுத்தத் தாளைச் சிறிதாக்கினார்கள். அதனால் இந்தப் பெரிய போர்டைப் பார்த்ததும் சேகரிப்பாளருக்கு அதன் வயது தெரிந்துவிடும்.

புதிதாகப் பார்ப்பவரைத் திகைக்க வைப்பது வேறு. தாளில் நிறமே இருக்காது. சிவப்பும் நீலமும் கலந்த அந்த ஆடை இங்கே வெறும் கறுப்பு வெள்ளை. நிறம் சேர்ப்பது தனி வேலை. மூலத்தின் நகல் ஒன்றில் வண்ணம் தீட்டி, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று குறித்து அச்சுத்தட்டு செய்பவர்களுக்கு அனுப்புவார்கள். அந்தக் காலத்தில் அந்த நிறுவனத்தின் வண்ணங்களைத் தீர்மானித்தவர் ஸ்டான் கோல்ட்பெர்க். தட்டு செய்கிறவர்கள் நிறங்களைப் பிரித்துப் புள்ளி புள்ளியாக மாற்றுவார்கள். நாம் "ஸ்பைடர்மேனின் நிறம்" என்று மனதில் வைத்திருப்பது டிட்கோவின் கை படாத ஒன்று.

ஒரு தாள் எத்தனை கை மாறியது என்பதும் இங்கே தெரிகிறது. லீ ஒன்றிரண்டு பக்கத்தில் கதைச் சுருக்கம் கொடுப்பார். டிட்கோ அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பென்சிலில் வரைவார். தாள் லீயிடம் போகும். படத்தைப் பார்த்து வசனம் எழுதுவார், திருத்தம் இருந்தால் ஓரத்தில் குறிப்பார். எழுத்துக்காரர் பலூன்களையும் வசனங்களையும் பேனாவால் போர்டிலேயே எழுதுவார். மறுபடி டிட்கோ. தூரிகையும் பேனாவுமாக மையிடுவார். பிசகிய இடத்தில் வெள்ளை மையைப் பூசி மேலே திரும்ப வரைவார். அச்சான புத்தகத்தில் இந்த வெள்ளைத் திட்டு காகிதத்தின் வெண்மையோடு கலந்து காணாமல் போகும். மூலத்தில் அது மேடாக நிற்கிறது, சாய்த்துப் பார்த்தால் தெரியும். எந்த இடத்தில் அவருக்குத் திருப்தி இல்லை, எதை ஒரே மூச்சில் போட்டார் என்று தாளே சொல்லும்.

அந்தக் கார்க் குறிப்புக்கு வருவோம். கூரையைப் பற்றி எதற்கு இவ்வளவு கவலை? 1954இல் அமெரிக்க செனட் குழு காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறதா என்று விசாரணை நடத்தியது. மிரண்டுபோன பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கை அமைப்பை வைத்துக்கொண்டார்கள். அதன் முத்திரை அட்டையில் இல்லாவிட்டால் கடைக்காரர்கள் புத்தகத்தை எடுக்கத் தயங்குவார்கள். பல பதிப்பகங்கள் அந்த அலையில் மூழ்கின, தப்பியவர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு முறை பார்த்தார்கள். வேகமாகப் போகும் காரில் கையைத் தொங்கவிட்டபடி வரும் இளவட்டங்கள்கூட ஒரு வம்புதான். எட்டு வருடங்களாக ஒரு தொழில் சுமந்த பயம் அந்த மூன்று வரிப் பென்சில் எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. அச்சுப் பிரதியில் இது இல்லை. மூலத்தாளைச் சாட்சி என்று நான் சொல்வது இதனால்தான்.

*

கேமரா படம் பிடித்து முடித்ததும் தாளின் வேலை முடிந்தது. நெகட்டிவ் கைக்கு வந்துவிட்டால் போர்டு எதற்கு? கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தல் கால் மாதிரிதான் அதன் நிலைமை. பக்கக் கணக்குக்குக் கூலி கொடுத்த பதிப்பகம், தாளும் தன்னுடையது என்று எண்ணியது. ஓவியர்களில் பெரும்பாலோரும் அப்படித்தான் எண்ணினார்கள், அல்லது எண்ணிப் பார்க்கவே நேரமில்லை. போட்டி நிறுவனமான டிசியில் பழைய பக்கங்களை வெட்டிக் குப்பையில் போட்டார்கள். சூப்பர்மேனை உலகுக்கு அறிமுகம் செய்த 1938ஆம் ஆண்டு 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் மூலப் பக்கங்கள் எவரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

புத்தகத்துக்கும் பெரிய மரியாதை இருக்கவில்லை. விற்காத பிரதிகளின் தலைப்பை மட்டும் கிழித்துத் திருப்பி அனுப்பினால் கடைக்காரருக்குக் காசு திரும்பும், மிச்சம் கூழாகும். விற்றவையும் மடித்துப் பின்பாக்கெட்டில் செருகப்பட்டு, நண்பர்களிடம் கைமாறி, கடைசியில் அம்மாக்களின் ஒழுங்குபடுத்தும் படலத்தில் வீட்டைவிட்டு வெளியேறின. நம் ஊரில் பழைய முத்து காமிக்ஸ் எடைக்குப் போன கதையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிற்பாடு ஒரு பிரதிக்கு லட்சக்கணக்கில் விலை வந்ததற்குக் காரணமும் இந்த அலட்சியம்தான். எல்லோரும் பத்திரப்படுத்தியிருந்தால் அரிதாகியிருக்காது.

தாளுக்கு ஒரு மதிப்பு உண்டு என்று முதலில் கண்டவர்கள் வாசகர்கள். 1964 ஜூலையில் நியூயார்க்கில் பதின்வயது ரசிகர்கள் சேர்ந்து ஒரு சின்ன மாநாடு கூட்டினார்கள். கூச்ச சுபாவியான டிட்கோ அதற்கு வந்தார். அதன் பிறகு அப்படிப்பட்ட கூட்டம் எதிலும் அவர் தலைகாட்டவில்லை. 1970இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் பழைய காமிக்ஸ்களுக்கான விலைக் கையேட்டை வெளியிட்டார். விலை என்று ஒன்று அச்சில் வந்துவிட்டால் அதன்பின் குப்பை குப்பையாக இருப்பதில்லை. எழுபதுகளின் நடுவில் மார்வெல் புதிதாக வரையப்படும் பக்கங்களை ஓவியர்களிடம் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. பழையவை கிடங்கிலேயே கிடந்தன. அல்லது கிடந்ததாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

*

கணக்குக் கேட்க வந்தவர் கர்பி. ஃபென்டாஸ்டிக் ஃபோர், ஹல்க், தோர் என்று அந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியதில் பெரும்பங்கு அவருடைய பென்சிலுக்கு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் வரைந்தவர். எண்பதுகளில் பழைய பக்கங்களைத் திருப்பித் தர மார்வெல் முன்வந்தபோது மற்ற ஓவியர்களிடம் ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்டார்கள். கர்பியிடம் நீட்டியது நான்கு பக்கம். கதாபாத்திரங்கள்மீது எந்த உரிமையும் கோர மாட்டேன் என்பதே அதன் சாரம். பதிலுக்குக் கொடுக்க முன்வந்தது 88 பக்கங்கள். ஓவியர்களும் வாசகர்களும் சேர்ந்து குரல் எழுப்பினார்கள். 1987இல் சமரசம் ஏற்பட்டு ஏறக்குறைய 2,000 பக்கங்கள் அவர் கைக்கு வந்தன. மீதி? கிடங்கில் இல்லை. அவற்றில் பல அதற்குள் சேகரிப்பாளர்களின் சுவர்களில் தொங்கின, மாநாட்டு மேசைகளில் கைமாறின. எந்தக் கதவு வழியாக வெளியேறின என்று விசாரிப்பது அந்த வட்டாரத்தில் நாகரிகமில்லை.

'அமேசிங் ஃபேன்டஸி'யின் 24 தாள்கள் இந்த இருட்டுக்குள்தான் எங்கேயோ நாற்பத்தாறு வருடம் இருந்தன. அவை ஒன்றாகவே இருந்தன என்பதில்தான் அதிசயம். மூலச் சித்திரச் சந்தையில் கதையை யாரும் கதையாக வைத்துக்கொள்வதில்லை. பக்கம் பக்கமாகப் பிரித்து விற்பார்கள். அட்டைப்படத்துக்கு உச்ச விலை, முழுப்பக்கப் படத்துக்கு அடுத்த இடம். ஆடையோடு நாயகன் தெரிகிற பக்கம் என்றால் ஒரு விலை, வெறுமனே ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும் பக்கம் என்றால் பாதிகூடத் தேறாது. 1984இல் 75 சென்ட்டுக்கு விற்ற 'சீக்ரெட் வார்ஸ்' 8ஆம் இதழில் மைக் ஸெக் வரைந்த ஒரு பக்கம், ஸ்பைடர்மேன் கறுப்பு ஆடைக்கு மாறும் கதையின் பக்கம், 2022 ஜனவரியில் 33.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஒரே ஒரு பக்கம்!

இந்தக் கணக்கில் பார்த்தால் 24 தாள்களில் பாதிக்குமேல் யாருக்கும் வேண்டாதவை. மணியடிப்பவரையும் மம்மிப் பெட்டியையும் செவ்வாய்க்காரர்களையும் தேடி எந்தச் சேகரிப்பாளரும் வருவதில்லை. ஸ்பைடர்மேன் கதையின் 11 பக்கங்களிலும் பல பீட்டர் பார்க்கர் சும்மா நடந்துபோகிற பக்கங்கள். நல்ல நான்கு பக்கத்தை மட்டும் பிரித்து விற்றிருந்தால் வைத்திருந்தவர் வேண்டிய பணத்தைப் பார்த்திருக்கலாம். அவர் அந்தப் பதின்மூன்று அநாமதேயப் பக்கங்களையும் கூடவே வைத்திருந்தார், கூடவே கொடுத்தார். இதழை இதழாகப் பார்க்கத் தெரிந்த ஆள்.

*

இந்தத் தாள்களைப் பற்றி வரைந்தவர் என்ன நினைத்தார்? டிட்கோ 1966இல் ஸ்பைடர்மேனை விட்டுப் போனார். அறுபதுகளின் இறுதியிலிருந்து பேட்டி கொடுப்பதை நிறுத்தினார். படம் எடுக்க விடமாட்டார். 2007இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி அவரைத் தேடி ஒரு ஆவணப்படமே எடுத்தது. தேடிப்போனவர்களைச் சந்தித்துப் பேசினார், கேமராவுக்கு முன்னால் வரவில்லை. என் வேலை பக்கத்தில் இருக்கிறது, அதற்குமேல் என்னிடம் கேட்க என்ன இருக்கிறது என்பது அவர் நிலை.

அவருடைய ஸ்டுடியோவுக்குப் போய்வந்த காமிக்ஸ் வரலாற்றாளர் கிரெக் தீக்ஸ்டன் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். டிட்கோ மேசையில் எதையோ வெட்டுவதற்கு அடியில் ஒரு போர்டு வைத்திருந்தார். அது அவர் கையாலேயே வரைந்த பழைய மார்வெல் பக்கம். கத்திக் கீறல்கள் படத்தின் மேலேயே. பதறிப்போன தீக்ஸ்டன் நல்ல வெட்டுப் பலகை ஒன்று வாங்கித் தருகிறேன் என்றார். டிட்கோ வேண்டாம் என்றுவிட்டார். திருப்பிக் கொடுக்கப்பட்ட இன்னும் பல பக்கங்கள் அந்த அறையிலேயே அடுக்கியிருந்தன. விற்றால் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடலாம், அவர் விற்கவில்லை.

முதலில் கேட்டபோது எனக்கும் பதைத்தது. பிறகு யோசித்தால் அதில் ஒரு நேர்மை தெரிகிறது. அவரைப் பொறுத்தவரை படைப்பு என்பது அச்சாகி 12 சென்ட்டுக்குக் கிடைத்த புத்தகம். தாள் அதற்குப் போன வழி. கொத்தனார் வீட்டைக் கட்டி முடித்துவிட்டுச் சாரக்கட்டையை வணங்குவாரா? சாரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவது நாம்தான். ஏனென்றால் நாம் அந்த வீட்டில் வளர்ந்தவர்கள்.

சாரம் பேசும் ஓர் இடம் உண்டு, அதில் டிட்கோவும் ஆர்வம் காட்டினார். ஸ்பைடர்மேனை உண்டாக்கியது யார் என்ற வழக்கு அது. யோசனை என்னுடையது, ஆகவே படைத்தவன் நான் என்று லீ சொல்லிவந்தார். 1999இல் எழுதிய பகிரங்கக் கடிதத்தில் டிட்கோவை இணைப் படைப்பாளராக எப்போதும் கருதிவந்திருப்பதாக அவர் இறங்கிவந்தார். டிட்கோவுக்கு அந்தச் சொல் உறுத்தியது. கருதுவது என்றால் யோசித்துப் பார்ப்பது. ஒப்புக்கொண்டதாக அதற்கு அர்த்தமில்லை என்று தன் கட்டுரையில் பதில் எழுதினார். ஒரு வினைச்சொல்லுக்காக இவ்வளவு பிடிவாதம். கோட்டை எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்தவர் சொல்லையும் அப்படித்தான் பார்ப்பார். 2018இல் இருவரும் சில மாத இடைவெளியில் இறந்தார்கள், ஜூனில் டிட்கோ, நவம்பரில் லீ. டிட்கோவின் குடும்பம் ஸ்பைடர்மேன் பதிப்புரிமையைத் திரும்பக் கோரி 2021இல் நோட்டீஸ் அனுப்பியது. மார்வெல் நீதிமன்றம் போனது, 2023 இறுதியில் சமரசமானது.

அந்தச் சண்டையில் இரு தரப்பையும் ஒரே நேரத்தில் சொல்லும் சாட்சி இந்தத் தாள்தான். கட்டத்தைப் பிரித்த கை டிட்கோவுடையது. காருக்குக் கூரை போடச் சொன்ன கை லீயுடையது. பலூனுக்குள் எழுத்தை வடித்தது மூன்றாவது கை. நினைவு தன் பக்கம் சாயும், வக்கீல் கட்சிக்காரர் பக்கம் சாய்வார். பிரிஸ்டல் போர்டு எந்தப் பக்கமும் சாய்ந்துகொள்ளவில்லை.

*

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு சின்ன இடறல் உண்டு. எண்பதுகளில் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர்களிடம் 'ஸ்பைடர்' என்று சொன்னால் வேறொருவர் நினைவுக்கு வருவார். கூர்க் காதும் வலைத் துப்பாக்கியுமாகக் குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாகத் தொடங்கிய ஆசாமி. அவர் பிரிட்டனில் 1965இல் பிறந்தவர். அந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கியவர். அந்த உரிமையை இருவரும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள், பிற்பாடு வழக்குப் போட்டுத் தோற்றார்கள். அந்தத் தோல்விகளுக்கு நடுவில் கடல்தாண்டிய பத்திரிகைக்குச் சீகல் எழுதிய கதைகள் சுற்றிச் சுற்றி நம் கைக்கு வந்தன. அந்த 130 டாலரும் அடங்கிய 412 டாலர் காசோலை 2012இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது. சீகலும் ஷஸ்டரும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. உழைத்தவருக்குக் கூலி, காகிதத்துக்குப் புதையல். இந்தத் தொழிலில் பணம் எப்போதும் தாமதமாகத்தான் வரும், அதுவும் வேறு வீட்டுக்கு.

அந்தப் பெயரில்லாத ஒருவர் செய்தது இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்ததுதான். பிரதிகளைக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் ஒட்டி, படிக்கவே முடியாமல் பெட்டகத்தில் பூட்டும் காலம் இது. 2000க்குப் பிறகு வந்த பழக்கம். அதன் நடுவில் இந்த 24 தாள்கள் மட்டும் சந்தையைவிட்டு வெளியே போய்விட்டன. இனி இவற்றுக்கு ஏலம் இல்லை. வேண்டுமானால் மேடிசன் கட்டடத்தில் அச்சுப்படங்கள், புகைப்படங்கள் பிரிவுக்கு எழுதி, நேரம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். ஆராய்ச்சி மாணவருக்கும் கோடீஸ்வரருக்கும் அங்கே ஒரே மேசைதான்.

மேசையில் அந்தப் பக்கத்தை விரித்தால் கார் வரும், பையன் துள்ளுவான், சுவரில் ஒட்டிக்கொள்வான். ஓரத்தில் அந்தப் பென்சில் எழுத்து. கோடிக்கணக்கில் விலை பேசப்படும் என்று 1962இல் ஒருவருக்காவது தோன்றியிருந்தால், முதல் வேலையாக ரப்பரை எடுத்து ஓரத்தைச் சுத்தம் செய்திருப்பார்கள். அடுத்த பக்கம் காத்திருந்தது, கெடு நெருங்கியது. அழிக்க யாருக்கும் நேரமில்லை.